விமான எண்ணெயில் என்னவெல்லாம் இருக்கக் கூடாது

என் சித்தப்பா சுபாங் விமான நிலையத்தில் எண்ணெய் நிரப்பும் வேலைக்குச் சேர்ந்தவர். 1998-இல் எல்லாம் செப்பாங்குக்கு மாறியபோது அவரும் கோலாலம்பூர் பன்னாட்டு விமான நிலையமான கே.எல்.ஐ.ஏ.வுக்கு மாறி, அங்கேயே ஓய்வு பெற்றார். சின்ன வயதில் அவரிடம் ஒருநாள் கேட்டேன்: "விமானத்துக்கு என்ன எண்ணெய் ஊத்துவீங்க, சித்தப்பா?" அவர் யோசிக்கவே இல்லை. "மண்ணெண்ணெய்தான்டா" என்றார். நான் நம்பவில்லை. பாட்டி வீட்டு அடுப்படியில் தகர டின்னில் இருந்த, விளக்குக்கும் ஸ்டவ்வுக்கும் ஊற்றிய அதே எண்ணெயா அத்தனை பேரைத் தூக்கிக்கொண்டு பறக்கிறது?

கிட்டத்தட்ட அதேதான். இன்று பயணிகள் ஜெட் விமானங்களில் உலகம் முழுக்கப் பரவலாக ஓடும் ஜெட் ஏ-1 மண்ணெண்ணெய்க் குடும்பத்தைச் சேர்ந்தது. நுட்பமாகச் சுத்திகரிக்கப்பட்டது, கட்டுப்பாடுகள் அதிகம். அதன் ஆவி 38 டிகிரி செல்சியஸுக்குக் கீழே தீப்பற்றக் கூடாது; −47 டிகிரி வரை குளிர்ந்தாலும் உறையக் கூடாது. அடுப்பு மண்ணெண்ணெய்க்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லை.

விமானத்துக்கு எண்ணெய் கொண்டுவரும் லாரியை 'பவுசர்' என்பார்கள். அந்தப் பெயரும் மண்ணெண்ணெயிலிருந்து வந்ததுதான். 1885-இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்து ஃபோர்ட் வேய்ன் நகரில் சில்வேனஸ் பவுசர் என்பவர் ஒரு மளிகைக் கடைக்கு மண்ணெண்ணெய் பம்ப் ஒன்றைச் செய்து விற்றார். கடையில் மண்ணெண்ணெய்ப் பீப்பாயிலிருந்து கசிந்து பக்கத்திலிருந்த வெண்ணெய் கெட்டுப்போனதுதான் காரணம் என்று கதை சொல்வார்கள். மண்ணெண்ணெய் மற்ற பொருளில் கலக்காமல் பார்ப்பது அவருடைய கவலை. விமான நிலையத்தின் கவலை இதற்கு நேர் தலைகீழ்: மற்ற எதுவும் மண்ணெண்ணெயில் கலக்கக் கூடாது.

இந்தத் துறையின் கண்டுபிடிப்புகளை வரிசையாகப் படித்துக்கொண்டு போனபோது எனக்குப் பட்டது இதுதான். எண்ணெயை ஊற்றுவது பெரிய வித்தை இல்லை. தண்ணீர் சேராமல், காற்று ஆபத்தாகாமல், பொறி பறக்காமல், தப்பான எண் எழுதப்படாமல் காப்பதற்குத்தான் மனிதர்கள் நூறு வருடமாக மூளையைக் கசக்கியிருக்கிறார்கள். பல சாதனங்களுக்குப் பின்னால் ஒரு விபத்து நிற்கிறது.

முதலில் தண்ணீர். கே.எல்.ஐ.ஏ.வுக்கு எண்ணெய் வரும் முக்கிய வழி நிலத்தடிக் குழாய். மலாக்கா, போர்ட்டிக்சன் பக்கமிருந்து வருகிறது. அதே குழாயில் பெட்ரோல், டீசல், விமான எண்ணெய் என்று முறை வைத்து அனுப்புவார்கள்; இரண்டு சரக்கு சந்திக்கும் இடத்தில் கலந்துபோகும் பகுதியைத் தனியே பிரித்து எடுப்பார்கள். அப்புறம் பெரிய தொட்டிகளில் எண்ணெயை அசையாமல் தெளிய விடுவார்கள். தண்ணீர் கனமானது, அடியில் இறங்கும். அதனால் தொட்டியின் தரையைச் சரிவாகக் கட்டி, மிகத் தாழ்ந்த இடத்தில் வடிகால் வைத்திருப்பார்கள். எண்ணெயை வெளியே எடுக்கும் குழாயோ அடியில் இருக்காது. மிதவை கட்டி, மேல்மட்டத்தை ஒட்டியே உறிஞ்சும். கலங்கிய கிணற்றுத் தண்ணீரைக் குடத்தில் தெளியவிட்டு மேலாக மொண்டு எடுப்போமே, அதே புத்திதான்.

ஆனாலும் தண்ணீர் விடாது. நம் ஊர்க் காற்றிலேயே ஈரம் இருக்கிறது. தொட்டியின் காற்றுத் துளை வழியே அது உள்ளே போய், இரவில் குளிர்ந்து சொட்டாகிறது. அந்தச் சொட்டுக்கும் எண்ணெய்க்கும் நடுவே உள்ள மெல்லிய எல்லையில் ஒரு பூஞ்சை குடியேறும். அதற்குக் குடிக்கத் தண்ணீரும், தின்ன மண்ணெண்ணெயும் போதும். 'கெரசின் பூஞ்சை' என்றே பெயர் வாங்கிய அது பழுப்பு நிறப் பாசிபோல வளர்ந்து வடிகட்டிகளை அடைக்கும். அது விடும் அமிலம் இறக்கையின் அலுமினியத்தையே அரிக்கும். வெப்பமும் ஈரமும் சேர்ந்த நம் பக்கத்து நாடுகள் அதற்குச் சொர்க்கம். விமானத் தொட்டிகளின் அடியிலிருந்து தண்ணீரைத் தவறாமல் வடிப்பதும், தேவைப்பட்டால் அளந்து பூஞ்சைக்கொல்லி சேர்ப்பதும் இதனால்தான்.

சித்தப்பா ஒருமுறை வீட்டிலேயே செய்து காட்டினார். ஜாம் போத்தல் ஒன்றில் பாதி அளவு மண்ணெண்ணெய் ஊற்றினார். விரல் நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் எடுத்து உள்ளே விட்டார். போத்தலை மேசைமேல் வைத்து வட்டமாகச் சுழற்றினார். எண்ணெய் சுழிந்தது. எங்கே போனதென்று தெரியாமல் இருந்த தண்ணீர், சுழலின் நடுவில், அடியில், ஒரு பாசிமணி போல வந்து உட்கார்ந்தது. "இதைத்தான் தினமும் தேடுவோம்" என்றார். வேலையிடத்தில் கண் பார்வையோடு நிற்பதில்லை. சிறிய பிளாஸ்டிக் சிரிஞ்சின் முனையில் மஞ்சள் தாள் பதித்த ஒரு குப்பியைப் பொருத்தி, 5 மில்லிலிட்டர் எண்ணெயை அதன் வழியாக இழுப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய தண்ணீர் இருந்தாலும் மஞ்சள் பச்சையாகும். ஷெல் நிறுவனம் உருவாக்கிய இந்தச் சோதனை இன்றும் பல விமான நிலையங்களில் நடக்கிறது. கோடிக்கணக்கான ரிங்கிட் விமானம் பக்கத்தில் நிற்க, ஒரு மனிதர் கட்டைவிரல் அளவுத் தாளின் நிறம் மாறுகிறதா என்று உற்றுப் பார்க்கும் அந்தக் காட்சி எனக்கு மிகவும் பிடிக்கும்.

தண்ணீரைத் தடுக்க வந்த கண்டுபிடிப்பே வினையாகிப்போனதும் உண்டு. 2010 ஏப்ரல் 13 அன்று சுரபாயாவிலிருந்து ஹாங்காங் போன கேத்தே பசிபிக் ஏர்பஸ் ஏ330 விமானத்தின் இரண்டு இன்ஜின்களும் விமானிகளின் கட்டளைக்கு மசியவில்லை. ஒன்று அதிக வேகத்திலேயே சிக்கிக்கொண்டது. மற்றது எழும்பவே இல்லை. விமானம் வழக்கத்தைவிடப் பயங்கர வேகத்தில் தரையிறங்கி, டயர்களில் காற்று இறங்கி, அவசரச் சறுக்கு வழியே வெளியேறும்போது 57 பயணிகள் காயப்பட்டார்கள். யாரும் இறக்கவில்லை. காரணம் எண்ணெயில் இருந்த நுண்ணிய உருண்டைகள். எண்ணெய் நிரப்பும் வண்டிகளின் வடிகட்டியில் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு வீங்கும் ஒரு பாலிமர் இருந்தது. குழந்தைகளின் டயப்பரில் இருப்பதும் அந்த வகைதான். தண்ணீர் வந்தால் அது உப்பி ஓட்டத்தையே அடைத்துவிட வேண்டும் என்பது திட்டம். ஆனால் சுரபாயாவில் நிலத்தடிக் குழாயை நீட்டிக்கும் கட்டுமான வேலையின்போது உப்புத் தண்ணீர் உள்ளே புகுந்திருந்தது. நல்ல தண்ணீருக்கென்று வடிவமைத்த வடிகட்டி உப்புத் தண்ணீரில் தடுமாறி, தன் உறிஞ்சுபொருளையே துகள் துகளாக எண்ணெயில் விட்டது. அதற்குப் பிறகு அந்த வகை வடிகட்டியை உலகம் படிப்படியாகக் கைவிடத் தொடங்கியது.

வானத்தில் தண்ணீர் இன்னொரு வேடம் போடும். 2008 ஜனவரி 17 அன்று பெய்ஜிங்கிலிருந்து லண்டன் வந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் போயிங் 777, ஓடுபாதைக்குச் சற்று முன்னாலேயே புல்தரையில் விழுந்தது. எண்ணெய் உறையவில்லை, அதில் கரைந்திருந்த கொஞ்சூண்டு தண்ணீர் பனித்துகளாகக் குழாயில் ஒட்டி, தரையிறங்கும் நேரம் மொத்தமாகப் பெயர்ந்து போய், எண்ணெயைச் சூடாக்கும் கருவியின் முகத்தில் அடைத்துக்கொண்டது. அந்தக் கருவியில் சின்னஞ்சிறு குழாய்களின் முனைகள் முகப்பிலிருந்து சற்றே துருத்திக்கொண்டிருந்தன. பனி அதில் பிடித்துக்கொண்டது. புது வடிவத்தில் அவற்றை முகப்போடு சமமாக்கினார்கள். தீர்வு என்று பார்த்தால் அவ்வளவுதான்.

தண்ணீரை இவ்வளவு நேரம் பேசிவிட்டேன், நியாயமாகவே. இனி நிரப்பும் வேலைக்கு வருவோம். முன்பெல்லாம் இறக்கைமேல் ஏறி, மூடியைத் திறந்து, மேலிருந்து ஊற்றினார்கள். சிறிய விமானங்களுக்கு இன்றும் அப்படித்தான். மாலை நாலு மணி ஆனால் கொட்டித் தீர்க்கும் கோலாலம்பூர் மழையில் இப்படித் திறந்துவைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இறக்கையின் அடியிலிருந்து அழுத்தம் கொடுத்து ஏற்றும் முறை அதை மாற்றியது. மூன்று காது வைத்த பூட்டு வாய் ஒன்று இறக்கையில் இருக்கும். ஹோஸின் முனை அதில் திருகிப் பூட்டிக்கொண்ட பிறகுதான் வால்வு திறக்கும். பினாங்கின் பாயன் லெப்பாஸிலும் பாரிஸிலும் அந்த வாய் ஒரே அளவு. அழுத்தம் ஏறத்தாழ 3.5 'பார்' அலகு, நாம் கார் டயருக்கு அடிப்பதைப் போல ஒன்றரை மடங்கு. வேண்டிய அளவு சேர்ந்ததும் தொட்டிக்குள் இருக்கும் வால்வு தானே மூடிக்கொள்ளும்.

கே.எல்.ஐ.ஏ. போன்ற இடங்களில் பவுசருக்கு வேலை குறைவு. விமானம் நிற்கும் தளத்துக்கு அடியிலேயே குழாய் வலை ஓடுகிறது. தரையில் வட்ட மூடியைத் திறந்தால் வால்வு. அங்கிருந்து விமானத்துக்கு ஒரு வண்டி இணைப்பாக நிற்கும். அந்த வண்டியில் தொட்டியே இல்லை, வடிகட்டியும் மீட்டரும் அழுத்தக் கட்டுப்பாடும் ஹோஸும்தான். நிரப்புபவர் கையில் ஒரு பிடி இருக்கும். அதற்கு 'டெட்மேன்' என்று பெயர். அழுத்திப் பிடித்திருக்கும்வரைதான் எண்ணெய் ஓடும். மயங்கி விழுந்தாலும், எதையோ கண்டு ஓடினாலும், கை விட்டதும் நின்றுவிடும். பிடியைக் கயிற்றால் கட்டிவைத்துவிட்டு வேறு வேலை பார்த்துவிடக் கூடாதே என்று, சில நிமிடத்துக்கு ஒருமுறை விட்டு மறுபடி அழுத்தச் சொல்லும் வகையும் வந்தது.

அடுத்தது பொறி. எண்ணெய் வடிகட்டி வழியே வேகமாக ஓடும்போது உரசலில் மின்னேற்றம் சேர்கிறது. சுத்தமான எண்ணெய் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது, அதனால் அந்த ஏற்றம் எளிதில் வடியாது. எண்ணெய் எவ்வளவு சுத்தமோ அவ்வளவு தொல்லை. இதற்காக ஜெட் ஏ-1 எண்ணெயில் மின்கடத்தும் ஒரு சேர்க்கையைக் கலக்கிறார்கள். முதல் தடவை சேர்ப்பது லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. கூடவே, ஹோஸை மாட்டுவதற்கு முன்பே வண்டியையும் விமானத்தையும் ஒரு கம்பியால் இணைத்துவிட வேண்டும். சித்தப்பாவுக்கு அது கைப்பழக்கமாகவே ஆகிப்போயிருந்தது. முதலில் கம்பி, பிறகுதான் மற்றது.

மேலிருந்து வரும் மின்னல் வேறு. 1963 டிசம்பர் 8 அன்று அமெரிக்காவின் மேரிலாந்தில் பான் ஆம் போயிங் 707 ஒன்றை மின்னல் தாக்கி, இறக்கைத் தொட்டியின் ஆவி வெடித்து 81 பேர் இறந்தார்கள். விமானங்களை மின்னலிலிருந்து காக்கும் ஆய்வுகளும் விதிகளும் அதன் பிறகு வேகம் பிடித்தன. கோலாலம்பூரைச் சுற்றிய கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 200 நாள் இடி இடிக்கிறது. இடி நெருங்கினால் தளத்தில் எண்ணெய் நிரப்புவதை நிறுத்தி ஆட்களை உள்ளே கூப்பிட்டுவிடுவார்கள். விமானம் தாமதம் என்று உள்ளே நாம் முணுமுணுக்கும் சில மாலைகளுக்குக் காரணம் இதுதான்.

இனி காற்று. நிறைந்த தொட்டியைவிடக் காலித் தொட்டிதான் ஆபத்தானது என்பதை ஏற்றுக்கொள்ள எனக்கே கொஞ்ச நேரம் பிடித்தது. திரவ எண்ணெய் சட்டென்று வெடிக்காது. அதன் ஆவி காற்றோடு சரியான அளவில் சேர்ந்தால்தான் வெடிக்கும். 1996 ஜூலை 17 அன்று நியூயார்க்கிலிருந்து கிளம்பிய டி.டபிள்யூ.ஏ. 800 விமானத்தில் நடந்தது அதுதான். அந்தப் போயிங் 747-இன் நடுத் தொட்டியில் அடியில் ஒட்டிக்கொண்டிருந்த கொஞ்சம் எண்ணெய்தான் இருந்தது. அதற்கு நேர் கீழே குளிர்சாதனக் கருவிகள் ஓடி ஓடிச் சூடேற்றியிருந்தன. வெடித்து 230 பேரும் இறந்தார்கள். நம் அக்கம்பக்கத்திலும் இது நடந்திருக்கிறது: 1990 மே மாதம் மணிலாவில் தரையில் நின்ற போயிங் 737-இன் நடுத் தொட்டி வெடித்து 8 பேர், 2001 மார்ச் மாதம் பேங்காக்கில் இன்னொரு 737-இல் ஒரு விமானப் பணியாளர். இரண்டும் வெயில் ஊர்கள், விமானம் கிளம்புவதற்கு முன் தரையில். கே.எல்.ஐ.ஏ. தளத்தின் சிமெண்ட் தரையில் நண்பகலில் நின்றவர்களுக்கு 38 டிகிரி எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று தெரியும்.

ஆவியைத் தவிர்க்க முடியாது. பொறியை முழுமையாக ஒழித்தோம் என்று யாரும் சத்தியம் செய்யவும் முடியாது. மிச்சம் இருப்பது ஆக்சிஜன். ராணுவ விமானங்கள் தொட்டியில் நைட்ரஜன் நிரப்பும் வழக்கத்தை முன்பே வைத்திருந்தன; பயணிகள் விமானத்துக்கு அது பாரம், செலவு என்று தள்ளிப்போட்டார்கள். அமெரிக்க விமானத்துறை ஆய்வாளர்கள் 2000-க்குப் பிறகு எளிய வழி ஒன்றைச் செய்து காட்டினார்கள். தலைமுடி போன்ற மெல்லிய, உள்ளே துளையுள்ள இழைகள் ஆயிரக்கணக்கில் ஒரு உருளைக்குள் கட்டாக இருக்கும். இன்ஜினிலிருந்து எடுத்துக் குளிரவைத்த காற்றை அதற்குள் செலுத்தினால், ஆக்சிஜன் இழைச் சுவர் வழியே சீக்கிரம் வெளியே கசிந்துவிடும். நைட்ரஜன் மிகுந்த காற்று மறுமுனைக்கு வந்து சேரும். அதைத் தொட்டிக்குள் விடுகிறார்கள். நாம் சுவாசிக்கும் காற்றில் 21 விழுக்காடு ஆக்சிஜன். தொட்டியில் அது 12 விழுக்காட்டுக்குக் குறைந்தால் போதும், நெருப்பு பரவ வழியில்லை. அசையும் பாகம் இல்லாத அந்த இழைக்கட்டை இந்தத் துறையின் ஆகச் சிறந்த கண்டுபிடிப்பு என்றுதான் சொல்வேன். 2008-இல் அமெரிக்கா இதை விதியாக்கியது. 230 பேர் இறந்து 12 வருடம் கழித்து. பயணிகள் விமானத்தின் பாரக்கணக்கில் இவ்வளவு காலம் தயங்கியதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

கணக்குப் பிழைக்கு வருகிறேன். மீட்டர் லிட்டரில் சொல்லும். விமானி கிலோவில் நினைப்பார், ஏனென்றால் இன்ஜினுக்கும் இறக்கைக்கும் எடைதான் கணக்கு. இடையில் அடர்த்தி என்று ஒரு எண் இருக்கிறது, அது வெப்பத்தோடு மாறுகிறது. 15 டிகிரியில் லிட்டருக்கு 0.8 கிலோ இருக்கும் எண்ணெய், நம் ஊர் 30 டிகிரியில் ஏறத்தாழ 0.79-க்கு இறங்கிவிடும். 20,000 லிட்டர் ஏற்றினால் 200 கிலோவுக்கு மேல் வித்தியாசம். அதனால் நிரப்பும்போதே அடர்த்தியையும் எழுதிக் கொடுப்பார்கள்.

1983 ஜூலை 23 அன்று ஏர் கனடா போயிங் 767 ஒன்று 41,000 அடி உயரத்தில் எண்ணெய் தீர்ந்து இன்ஜின் நின்றது. எண்ணெய் அளவு காட்டும் மின்னணுக் கருவி வேலை செய்யாததால் கோல் விட்டு அளந்தார்கள். தொட்டியில் இருந்தது 7,682 லிட்டர், வேண்டியது 22,300 கிலோ. லிட்டரைக் கிலோவாக்க 0.8-ஆல் பெருக்குவதற்குப் பதில் 1.77-ஆல் பெருக்கினார்கள். அது பவுண்டுக்கான எண். கனடா அப்போது மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்தது. 20,000 லிட்டருக்கு மேல் ஊற்ற வேண்டிய இடத்தில் 4,917 லிட்டர் மட்டும் ஊற்றினார்கள். விமானிகள் அதைக் கிளைடர் போல மிதக்கவிட்டு கிம்லி என்ற பழைய ராணுவத் தளத்தில் இறக்கியதால் எல்லாரும் பிழைத்தார்கள். சந்தையில் 'கட்டி' என்ற பழைய எடைக் கணக்கில் காய்கறி வாங்கிப் பழகிய என் பாட்டி, கிலோ வந்த பிறகு தினமும் மனசுக்குள் பெருக்கிக்கொண்டே இருந்தார். பாட்டிக்குத் தப்பினால் ஒரு கத்தரிக்காய் கூடும் குறையும், அவ்வளவுதான்.

எண்ணெயை ஏன் இறக்கையில் வைக்கிறார்கள் என்று அடிக்கடி கேட்பார்கள். பறக்கும்போது காற்று இறக்கையை மேலே வளைக்கப் பார்க்கும். எண்ணெயின் பாரம் அதைக் கீழே அழுத்தி வேரில் விழும் பளுவைக் குறைக்கும். தனித் தொட்டி வைக்காமல், இறக்கையின் உட்சுவரிலேயே பூச்சு பூசி அதையே தொட்டியாக்கிவிட்டார்கள். ஏ320 அளவுள்ள விமானத்தில் நடுத் தொட்டியையும் சேர்த்து ஏறத்தாழ 24,000 லிட்டர் இப்படி அடங்குகிறது. கான்கார்டு இன்னும் ஒரு படி மேலே போனது: ஒலியின் வேகத்தைத் தாண்டும்போது எண்ணெயைப் பின் தொட்டிக்கு இறைத்து எடைமையத்தையே நகர்த்தியது. அந்த விமானம் 1977 டிசம்பரில் லண்டன்–சிங்கப்பூர் பறக்கத் தொடங்கியபோது, அதன் ஒலியதிர்வு காரணமாக மலேசியா தன் வான்வழியில் அனுமதி மறுத்தது.

பறக்கும்போதே எண்ணெய் நிரப்புவது ராணுவத்தோடு நின்றுவிட்ட கதை. 1923 ஜூன் 27 அன்று இரண்டு அமெரிக்க விமானங்களுக்கு இடையே வெறும் ஹோஸ் தொங்கவிட்டுக் கையால் பிடித்துச் செய்தார்கள்; கே.எல்.ஐ.ஏ. திறப்பு விழாவுக்குச் சரியாக 75 ஆண்டு முன்னால். பின்னால் ஆலன் காபமின் பிரிட்டிஷ் நிறுவனம் 1949-இல் அதை, ஒரு விமானம் தொங்கவிடும் கூடைக்குள் மற்றது தன் கூர்குழலைச் செருகும்படி ஆக்கிய முறையை இன்றும் பல நாட்டு விமானப்படைகள் பயன்படுத்துகின்றன.

எனக்கு நெருக்கமான கண்டுபிடிப்பு ஒன்று இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் குண்டு துளைத்தாலும் தானே அடைத்துக்கொள்ளும் தொட்டி பரவலானது. வெளியே பதப்படுத்திய ரப்பர். உள்ளே பதப்படுத்தாத இயற்கை ரப்பர். துளை வழியே எண்ணெய் கசிந்து உள் ரப்பரைத் தொட்டதும் அது உப்பி ஓட்டையை மூடும். அந்த ரப்பருக்கு உலகின் மிகப் பெரிய ஊற்று அப்போது மலாயா. விடிவதற்கு முன் உளியும் வாளியுமாக ரப்பர் மர நிரைக்குப் போன நம் தாத்தா பாட்டிமார் மங்கில் சேர்த்த பால், தாள் ரப்பராகிக் கப்பலேறியது. யாருடைய மரத்துப் பால் எந்தத் தொட்டிக்குள் போனது என்று யாராலும் சொல்ல முடியாது. 1942 ஜனவரி 11 அன்று கோலாலம்பூர் ஜப்பானியர் கைக்குப் போய், அடுத்த மாதம் சிங்கப்பூரும் விழுந்ததும் அந்த ஊற்று நின்றது. அமெரிக்கா செயற்கை ரப்பரைப் போர்க்கால வேகத்தில் உண்டாக்கியது.

எண்ணெயில் ரப்பர் உப்பும் அதே குணம் இன்று புது எண்ணெய்க்கு முட்டுக்கட்டையாக நிற்கிறது. பயன்படுத்திய சமையல் எண்ணெய் போன்ற கழிவிலிருந்து செய்யும் விமான எரிபொருளை மலேசியா ஏர்லைன்ஸ் 2022 ஜூனில் கோலாலம்பூர்–சிங்கப்பூர் பயணிகள் விமானம் ஒன்றில் கலந்து பறக்கவிட்டது. இப்படிப்பட்ட எண்ணெயைப் பாதிக்கு மேல் கலக்க இப்போதைக்கு அனுமதி இல்லை. பழைய மண்ணெண்ணெயில் இருக்கும் அரோமாட்டிக் என்ற வகை வேதிப்பொருள்கள் தொட்டியிலும் குழாயிலும் உள்ள ரப்பர் வளையங்களைச் சற்று உப்பவைத்து இறுக்கமாக வைத்திருக்கின்றன. புது எண்ணெயின் பெரும்பாலான வகைகளில் அவை இல்லை. வருடக்கணக்கில் உப்பிப் பழகிய வளையம் சுருங்கி, கசியும்.

இதைச் சித்தப்பாவிடம் சொன்னேன். மேசை இழுப்பறையைத் திறந்து, வேலைக்காலத்தில் எடுத்து வைத்திருந்த பழைய வளையம் ஒன்றைக் காட்டினார். மோதிரத்தைவிடக் கொஞ்சம் பெரியது, கறுப்பு, காய்ந்து இறுகியிருந்தது. "ஹோஸில் இருந்து கழற்றியபோது இது இதைவிடத் தடிமனா இருந்துச்சுடா" என்றார்.